கொள்ளிவட்டமும் அண்ணாமலைச் சோதியும்

திருக்கார்த்திகைத் திருநாளில் அண்ணாமலை உச்சியில் ஏற்றப்பெறும் மகாதீபத்தைத் தரிசிக்கும் பொருட்டு, ஆண்டுதோறும் பல இலக்கம் மக்கள் அத்தலத்திற் கூடுகின்றனர். அதிகாலையில் திருக்கோயிலினுள்ளே பரணி தீபம் ஏற்றப்பெறும். மாலை ஆறு மணியளவில் அர்த்தநாரீசுவரர் வெளியே எழுந்தருளிக் காட்சி தரும் அப்பொழுதில், 2,668 அடி உயரத்துள்ள மலையுச்சியில் பர்வதராஜ குலத்தார் கொப்பரையில் தீபத்தை ஏற்றுவர். அதற்கு ஏறத்தாழ 3,500 கிலோ நெய்யும், ஆயிரம் மீட்டர் அளவிற் காடாத் துணியாலாகிய திரியும் வேண்டப்படும். பதினொரு நாள் எரியும் அத்தீபத்தின் மை, ஆருத்திரா தரிசனத்தன்று நடராசப் பெருமானுக்குச் சாத்தப்பெற்றுப் பின் அடியார்க்கு வழங்கப்படும். நெய் கொணர்வாரும், திரி முறுக்குவாரும், கொப்பரையைச் சுமந்து மலையேறுவாரும் இன்னார் இன்னார் என்பது ஊரறிந்தது. இதில் மறைபொருளாக வைத்தது யாதொன்றும் இல்லை.

இங்ஙனமிருக்க, அண்மைக் காலத்தே ஒரு வழக்கம் பெருகி வருகின்றது. இரவில் நெடுநேரம் வாய் திறந்து வைத்த காமிராவினால் அத்தீபத்தைப் படம்பிடித்து, அப்படத்தில் தோன்றும் கோடுகளையும் நிழல்களையும் சுட்டி, ஈதோ இறைவன் திருமுகம் என்றும், ஈதோ பிரணவ வடிவம் என்றும், ஈதோ அடிமுடி காணவொண்ணாத ஒளித்தூண் என்றும் எழுதிக் கைப்பேசி வழியே ஊரெங்கும் பரப்புகின்றனர் ஒரு சாரார். கண்ணுக்குப் புலனாகாததைக் காமிரா கண்டது என்பதும், கருவி பொய் கூறாது என்பதும் அவர் கூறும் ஏதுக்கள். அவற்றை ஐயுறுவாரைப் பத்தியில்லாதார் என இகழவும் அவர் தயங்குவதில்லை. இவர் கொள்கை நிழற்பட நூலுக்கும் ஒவ்வாது, சித்தாந்த அளவை நூலுக்கும் ஒவ்வாது. இவற்றினும் மேலாக, அண்ணாமலைத் தல வரலாற்றுக்கே அது நேர் மாறானது.

இரவில் தீயைப் படம்பிடித்தலின் இயல்பை உணர்தற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அத்திருக்கார்த்திகையன்றே தமிழ்நாட்டுச் சிற்றூர்களிற் சிறுவர் சுற்றும் மாவலி ஒன்றே அமையும். ஆண்பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, அதனை இடித்துத் துணியிற் பொதிந்து, பனைமட்டைக் கீற்றுக்களினிடையே வைத்து இறுகக் கட்டி, கயிறு பிணைத்து, நெருப்பிட்டுத் தலைக்குமேற் சுழற்றுவர். பொறிகள் சிதறிச் சிறுவனைச் சூழ ஒரு தீ வட்டம் நிற்பதுபோலத் தோன்றும். வட்டம் என ஒரு பொருள் ஆண்டு இல்லை. ஒரு கணத்தில் தீ ஓரிடத்தில்தான் உளது. கண்ணிற் பட்ட ஒளி, விநாடியிற் பத்தில் ஒரு கூறு அளவேனும் கண்ணில் நிலைபெறுதலின், முன்னிடத்துத் தீயும் பின்னிடத்துத் தீயும் இணைந்து வட்டமெனத் தோன்றுகின்றன. இதனையே நம் முன்னோர் கொள்ளிவட்டம் எனவும், வடநூலார் அலாதசக்கரம் எனவும் வழங்கினர்.

இனி அம்மாவலியின் எதிரே காமிராவை முக்காலியில் நிறுத்தி, அதன் வாயை நான்கு விநாடி திறந்து வைத்தால் நிகழ்வது யாது? கண் பத்தில் ஒரு விநாடி வைத்திருப்பதைக் காமிராவின் தகடு நான்கு விநாடியும் வைத்திருக்கின்றது. கண்ணிற்குப் பழைய ஒளி மங்கிப் புதிய ஒளி தோன்றும். தகட்டிற்கோ பழையது நீங்குதல் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஒளி சேர்ந்துகொண்டே செல்லும். ஆகலின் சுழற்சி அத்தனையும், பொறி பறந்த வழியத்தனையும், கோடுகளாக ஒருங்கே படத்திற் பதியும். ஒரு கணத்திலேனும் இவ்வாறு நின்றதோர் உருவம் உலகில் இல்லை. இன்னும் ஒன்று. சுற்றிய சிறுவன் அப்படத்திற் பெரும்பாலும் காணப்படான். காணப்படினும் மங்கிய நிழலாகவே காணப்படுவான். அவன் மேனி ஓரிடத்து நில்லாமையாலும், இருளில் அவன்மேற் பட்ட ஒளி சிறிதாகலானும், தகடு அவனைப் பற்றிற்றிலது. தீயைச் சுழற்றியவன் மறைய, தீ தானே சுழன்றதுபோலப் படம் நிற்கும்.

இஃது ஒரு விளையாட்டளவில் நிற்பதன்று. நிழற்படக் கலை தோன்றிய காலத்தே, 1838-ஆம் ஆண்டில், பாரிசு நகரத்துப் பெருந்தெரு ஒன்றினைத் தாகேர் என்பார் மாடியிலிருந்து படம்பிடித்தனர். அக்காலத்துத் தகட்டில் ஒளி பதியப் பல நிமிடம் வேண்டும். தெருவில் வண்டிகளும் மக்களும் இடையறாது இயங்கிக்கொண்டிருந்தும், படத்தில் அத்தெரு ஆளரவமற்ற பாழாகத் தோன்றிற்று. ஒரு மூலையில், தன் காற்பாதுகைக்கு மெருகிடுவித்துக்கொண்டு அசையாது நின்ற ஒருவனது உருவம் மட்டும் பதிந்தது. கருவி பொய் கூறாது என்பார் இப்படத்தை ஒருகால் நோக்குவாராக. ஊர் முழுதும் இருக்க, ஊரே இல்லை என்றது அக்கருவி. அது கருவியின் குற்றமன்று. நெடுநேரம் ஓரிடத்து நின்ற ஒளியை மட்டுமே தொகுத்தல் அதன் இயல்பு. அவ்வியல்பறியாது, அது கூறியதே உள்ளது, கூறாதது இல்லது எனக் கொள்ளுதல் கொள்வாரது குற்றமேயாம்.

இவ்வியல்பே கிரிவலத்தைப் படம்பிடிப்பாரிடத்தும் காணப்படும். 14 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழியை நள்ளிரவில் முப்பது விநாடி வாய் திறந்து படம்பிடித்தால், தெருவிளக்குகள் நிற்கும்; ஊர்திகளின் விளக்கொளி செந்நிற வெண்ணிற ஓடைகளாக ஓடும்; மலை பகல்போல விளங்கும்; வெறுங்காலொடு சிவநாமம் சொல்லி நடந்து செல்லும் அடியார் கூட்டம் மட்டும் வெறும் புகைபோலக் கரைந்துவிடும். அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே கண்டு தொழுக என்பது சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தின் கருத்து. பாலில் நெய்போல எங்கும் விளங்காது நிற்கும் இறைவன், தயிரில் நெய்போல விளங்கி நிற்குமிடம் அவ்விரண்டுமே என்பது சித்தாந்தம். அவ்விரண்டனுள் ஒன்றாகிய அடியார் கூட்டத்தை அடியோடு அழித்துக் காட்டும் கருவியை, இறைவனைக் காட்டும் கருவி எனக் கொண்டாடுவார் எதனைக் கண்டார் என வினவுதல் தகும்.

இனி அளவை நூல் கொண்டு இதனை ஆராய்வாம் எனப் புகுவார்க்குச் சிவஞான சித்தியாரின் அளவை இயலே வழிகாட்டும். அளவைகளைப் பத்தென விரிப்பாரும் உளரேனும், காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் ஏனையவற்றை அடக்குதல் ஆசிரியர் அருணந்தி சிவம் கொண்ட முறை. ஐயமும் திரிபும் நீங்கியதே காண்டலளவை. ஐயமாவது இதுவோ அதுவோ எனத் துணிவின்றி நிற்றல். திரிபாவது ஒன்றனைப் பிறிதொன்றாகத் துணிதல். கொள்ளிவட்டம் இரண்டாவதன்பாற் படும். அடைவே ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தவற்றை ஒருங்கே நிகழ்ந்தனவாகக் கொள்ளுதலே ஆண்டுத் திரிபின் கூறு.

அற்றேல், காமிராவும் ஒரு கண்ணேயன்றோ? அது கண்டதும் காட்சியாகாதோ எனின், ஆகாது. என்னை? கண் தானே காண்பதன்று; ஆன்மா கண்ணைத் துணையாகக் கொண்டு காண்கின்றது. ஐம்பொறிகளும் அந்தக்கரணங்களும் தாமே அறிவனவல்ல, அறிதற்குத் துணையாவன மட்டுமே எனப் போதநூல் நிறுவுகின்றது. உயிரின் அறிவாற்றலே உண்மையில் அளவையாவது என அளவை நூலாரும் துணிந்தனர். உயிரொடு கூடிய கண்ணே தானாக அறியாதாயின், உயிரில்லாத கண்ணாடித் துண்டும் தகடும் கண்டன என்றல் எங்ஙனம் பொருந்தும்? காமிரா எதனையும் கண்டதன்று. அதன்மேல் ஒளி பட்டது. பட்ட சுவடு நின்றது. மணலிற் கிடக்கும் அடிச்சுவடு யானையைக் கண்டது என்று யாரும் கூறார். அச்சுவட்டைக் கண்டு, ஈண்டு யானை சென்றது எனக் கருதுபவன் மனிதன். ஆகவே நிழற்படம் காண்டலளவையன்று, கருதலளவைக்கு ஏதுவாதற்குரியது. ஏதுவாயின், அது மெய்யேதுவோ ஏதுப்போலியோ என்று சோதித்தே கொள்ளவேண்டும். அச்சோதனையைச் செய்ய ஒருப்படாமையே அற்புதப்படம் காட்டுவாரிடத்துள்ள முதற் குறை.

சோதனை எளிது. பிரணவ வடிவம் பதிந்ததாகக் கூறப்படும் படங்களை எடுத்துக்கொள்க. முக்காலியின்றிக் கையிற் பிடித்த காமிராவின் வாய் ஒன்றிரண்டு விநாடி திறந்திருந்தால், கையின் நடுக்கம் முழுதும் படத்திற் கோடாக விழும். மலையுச்சியில் ஒரு புள்ளியாகத் தோன்றும் தீபம் அந்நடுக்கத்தினால் வளைந்து நெளிந்து சுழிந்து, மூன்று போலவும் ஓங்காரம் போலவும் எழுதப்படும். இது தீபத்தின் எழுத்தோ கையின் எழுத்தோ என்பதை அறிய, அப்படத்திலேயே உள்ள மற்றொரு விளக்கை நோக்கினால் போதும். அடிவாரத்துத் தெருவிளக்கும், தேநீர்க் கடை விளக்கும் அதே சுழியை அதே சாயலில் எழுதியிருக்கும். தேநீர்க் கடை விளக்கிலும் பிரணவம் தோன்றியருளியதாகக் கூற அவர் உடன்படுவாரோ? உடன்படாமையினாற்போலும், பரப்பப்படும் படங்கள் தீபத்தின் சுற்றளவோடு கத்தரிக்கப்பட்டே வருகின்றன.

ஒளித்தூண் என்பதும் இத்தகையதே. பழைய மின்னணுக் காமிராக்கள் சிலவற்றில், இருளினிடையே பேரொளி ஒன்று பட்டால், அதன் மின்னேற்றம் வழிந்து, ஒளியின் மேலும் கீழும் படத்தின் விளிம்பு வரை ஒரு நேர்க்கோடாக ஓடும். அது காமிராவின் உறுப்பில் நிகழ்வதன்றி வெளியில் நிகழ்வதன்று. தீபத்தின்மேல் வானளாவும் தூண் கண்டோம் என்பார், அதே தூண் தீபத்தின் கீழே பாறையையும் ஊடுருவித் தெருவரை இறங்கியிருத்தலை நோக்கினாரில்லை. சில படங்களிற் காணப்படும் கதிர்கள் வேறொரு காரணத்தால் வருவன. காமிராவின் துவாரத்தைச் சுருக்கும் இதழ்கள் இரட்டையாயின் அத்தனை கதிரும், ஒற்றையாயின் அதன் இருமடங்கு கதிரும் விளக்கைச் சுற்றித் தோன்றும். ஆறிதழ்க் காமிராவில் ஆறு கதிர். ஏழிதழ்க் காமிராவிற் பதினான்கு. ஐந்திதழ்க் காமிராவும் பத்துக் கதிரே காட்டுதலின், ஐந்தெழுத்து விளங்கியது என்பார்க்கும் இதில் இடமில்லாது போயிற்று.

தீபத்திற்கு எதிர்ப்புறத்தே வானத்தில் மங்கலாகத் தலைகீழாய் மிதக்கும் மற்றொரு சுடர் சில படங்களிற் காணப்படும். இதனைச் சித்தர் ஒளி என்பார் உளராயின், அவர் காமிராவைச் சிறிது அசைத்துப் பார்ப்பாராக. தீபம் படத்தின் வலப்புறம் செல்ல அவ்வொளி இடப்புறம் செல்லும். கண்ணாடி வில்லைகளினுள்ளே ஒளி முன்னும் பின்னும் பட்டு மீளுதலால் வருவது அது. திருக்கார்த்திகை பௌர்ணமியை ஒட்டி வருதலின், நெடுநேரப் படங்களில் திங்களும் உருவம் திரியும். இரண்டு நிமிடத்தில் தன் வட்டத்தளவு திங்கள் நகரும். ஆகலின் அவ்வளவு நேரம் வாய் திறந்த காமிராவில் அது முட்டைபோல நீண்டு பதியும். திங்கள் தலை சாய்த்துத் தீபத்தை வணங்கிற்று என்று எழுதுவார் இன்னும் தோன்றாமை வியப்பே.

திருமுகம் தோன்றிற்று என்பதை மட்டும் சிறிது விரித்தாராய வேண்டும்; மக்கள் உள்ளத்தைப் பெரிதும் கவர்வது அதுவாகலின். தீக்கொழுந்து ஒருபொழுதும் ஓருருவில் நில்லாது. விநாடியின் ஐந்நூற்றிலொரு கூறு மட்டும் வாய் திறந்த படத்தில் அது கூரிய நாக்குகளாகத் தோன்றும்; ஒரு விநாடி திறந்த படத்தில் மெல்லிய துகில்போலப் படியும்; மேலும் திறந்தால் வெண்மையான ஒரு பிழம்பாக உருவம் முற்றும் அழியும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையில், சில கொழுந்துகள் தெளிந்தும் சில கரைந்தும் நிற்குங்கால், கண்போலவும் வாய்போலவும் கரிய இடங்கள் தோன்றுதல் எளிது. முகத்தை எங்கும் தேடுதல் மனத்தின் இயல்பு. 1976-ஆம் ஆண்டில் வைக்கிங் என்னும் விண்கலம் செவ்வாயில் எடுத்த படமொன்றில் மனித முகம் ஒன்று மேல்நோக்கிக் கிடப்பதாகத் தோன்றிற்று. அது செவ்வாய் வாழ்வோர் செதுக்கியது எனப் பலர் நூல்கள் எழுதினர். 2001-இல் கூர்மை மிக்க கருவியால் அவ்விடத்தையே மீண்டும் படம்பிடித்தபோது, அது சிதைந்ததொரு குன்றாக நின்றது.

தீபத்தைச் சூழ நின்று ஓரிரவில் எடுக்கப்படும் படங்கள் எண்ணில. அவற்றுள் உருவமில்லாத அனைத்தையும் கழித்துவிட்டு, முகம்போன்ற ஒன்றனை மட்டும் வைத்துக்கொண்டு அற்புதம் என்றல், மரத்தை அரித்துச் செல்லும் புழுவின் வழி ஓரிடத்தில் எழுத்துப்போல் அமைந்தமை கண்டு, புழு எழுத்தறிந்தது எனத் துணிதலை ஒக்கும். தருக்க நூலார் இதனைக் குணாக்கர நியாயம் என்பர். கழித்த படங்களையும் உடன் வைத்துக் காட்டுவாரேல் அவ்வற்புதம் அக்கணமே கலையும்.

மேனாட்டாரும் இவ்வழியில் இடறியவரே. மம்லர் என்பார் அமெரிக்காவில் இறந்தோரின் ஆவி உடன்தோன்றப் படம்பிடித்துத் தருவதாகப் பொருளீட்டி, 1869-இல் நியூயார்க்கு நகரில் வஞ்சக வழக்கிற்கு உட்பட்டனர். குற்றம் நிறுவப்படாது விடுவிக்கப்பட்டாரேனும் இழந்த பெயர் மீளவில்லை. அவர்பாற் சென்று பொருள் கொடுத்தோர் மூடரல்லர். மகவையும் கணவரையும் இழந்து தவித்தோர். அன்புடையார் ஏமாறுதல் எளிதாகலின், அன்புடையார் நடுவே படங்காட்டுவோர் இருமடங்கு பொறுப்புடையராதல் வேண்டும்.

இனித் தல வரலாற்றுக்கு மாறு என்றது யாங்ஙனமெனின், கூறுதும். தம்முள் யார் பெரியர் எனப் பிரமனும் திருமாலும் இகலியபோது, இறைவன் அழற்பிழம்பாய் நின்ற தலம் அண்ணாமலை. திருமால் பன்றியாய் நிலத்தைப் பிளந்து அடியைத் தேடி, காணாது மீண்டு, காணவில்லை என உண்மை உரைத்தனர். பிரமன் அன்னமாய்ப் பறந்தும் முடி காணாது சோர்ந்து, இழிந்துவரும் தாழம்பூவைச் சான்றாக அழைத்துக்கொண்டு, முடி கண்டேன் எனப் பொய்யுரைத்தனர். தாழம்பூவும் ஆமென்றது. அதன் பயன் யாவரும் அறிந்ததே. பிரமனுக்குத் தனிக்கோயில் வழிபாடு அருகிற்று. தாழம்பூ சிவபூசைக்கு விலக்காயிற்று. சிவாலயந்தோறும் கருவறையின் மேற்குப் புறத்துத் தேவகோட்டத்தில் இலிங்கோற்பவராக இக்கதை கல்லில் நிறுத்தப்பெற்றிருக்கின்றது.

அக்கதையிற் பிழை செய்தவன் யார்? காணாதவன் அல்லன். இருவரும் கண்டிலர். காணாததைக் கண்டதாகக் கூறி, அதற்குப் பேசாப் பொருளொன்றைச் சான்று நிறுத்தியவனே பிழைத்தவன். காமிராவைச் சான்றாக நிறுத்தி, அதே அண்ணாமலையில், அதே சோதியின் முடியைக் கண்டோம் என்பார் செய்வது வேறு யாது? அவர் கையிலுள்ளது நிழற்படமன்று, மற்றொரு தாழம்பூ. அடிமுடி காணாமையே அச்சோதியின் பெருமை என்பதைக் கற்பிக்கும் தலத்தில் நின்று, கண்டேன் எனச் சாதிப்பதைப் பத்தி என்று கூறல் எவ்வாற்றானும் அடாது.

சித்தாந்த நூலும் இதனையே நிறுவும். சுட்டியறியப்படுவது யாதும் அசத்து. அறியவே படாததாயின் அது சூனியம். இவ்விரண்டுமன்றி, அருளாலே உணரப்படுவதாய் நிற்பது சிவசத்து என்பது ஆறாஞ் சூத்திரத்தின் பொருள். விரல் நீட்டி இதோ எனச் சுட்டிக் காட்டப்படும் படத்தின் வடிவம் சுட்டறிவுக்குட்பட்டது. அதுவே சிவன் எனின், சிவன் அசத்தென்றாயிற்று. தம்மை அறியாமலே இவர் இறைவனைப் பாசப் பொருளோடு எண்ணிவிடுகின்றனர்.

இவ்வாறு கூறின் சிலர், அற்புதம் பொய்யேயாயினும் அதனாற் பாமர மக்களுக்குப் பத்தி வளர்கின்றதன்றோ, அதனைக் கெடுப்பானேன் என்பர். வளர்வது பத்தியன்று, வியப்பு. வியப்புக்கு ஆண்டுதோறும் புதியது வேண்டும். சென்ற ஆண்டின் முகத்தினும் இவ்வாண்டின் முகம் தெளிவாயிருத்தல் வேண்டும். படத்தின் சூழ்ச்சியை ஓர் இளைஞன் ஒரு நாள் கல்லூரியிற் கற்றறிவானாயின், படத்தோடு தீபத்தையும், தீபத்தோடு சமயத்தையும் ஒருங்கே எறிந்துவிடுவான். பொய்ச்சான்றினால் வென்ற வழக்கு, சான்று அழியுங்கால் அதனுடன் அழியும். நெய்க்குடம் சுமந்து மலையேறுவான் ஒருவனது பத்திக்கு எந்தப் படமும் வேண்டியதில்லை. அவனைப் பாமரன் எனக் கூறி அவன் பொருட்டுப் பொய் புனைதல் அவனை இகழ்தலேயாம்.

வேறு சிலர், திருவுருவத்தையும் ஓவியத்தையும் வழிபடும் சைவர் நிழற்படத்தை மட்டும் விலக்குதல் என்னை என்பர். விலக்குவார் ஒருவரும் இலர். மகாதீபத்தின் படத்தைப் பூசையறையில் வைத்து அத்திருநாளை நினைந்து வழிபடுதல் நன்றே. திருவுருவம் ஆகமமுறைப்படி சிற்பியின் கையால் அமைந்து, மந்திரத்தால் எழுந்தருளுவிக்கப்பெற்றது. தானே தோன்றிற்று என அதனைப் பற்றி யாரும் பொய் கூறுவதில்லை. படத்தை வைத்துத் தொழுதலன்று, படத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுதலே மறுக்கப்படுகின்றது.

இனி எதிர்ப்புறத்து நிற்பார் இருவர் உளர். அவர்க்கும் சிறிது விடை கூறவேண்டும். இப்படங்களின் பொய்ம்மை வெளிப்படுதல் கண்டு, தீபமே வெறும் நெய்யும் திரியும். அதில் தெய்வம் காண்பதும் இத்தகைய மயக்கமே என நகையாடுவார் ஒருவர். தீபம் நெய்யும் திரியும் என்பதை மறுத்த சைவர் யார்? அந்நெய்யை வாங்கிக் கொடுப்பவரே அவர்தாம். தடத்த நிலையில் இறைவன் அடியார் பொருட்டுக் கொண்ட அழலுருவை நினைந்து, அந்நினைவுக்கு நிலைக்களமாக ஏற்றப்படுவது தீபம். நினைவு நெய்யில் இல்லை என்பதைக் காமிரா கொண்டு நிறுவப் புகுதல், திருமுறை ஏட்டை நிறுத்துப் பார்த்து, இதில் இசை இல்லை என்பதனோடு ஒக்கும்.

மற்றொருவர் மாயாவாதி. கௌடபாதர் தம் மாண்டூக்கிய காரிகையின் இறுதிப் பகுதிக்கு அலாதசாந்தி என்றே பெயரிட்டு, சுழலும் கொள்ளியில் வட்டமும் கோடும் தோன்றுதல்போல அறிவினிடத்தே உலகம் தோன்றுகின்றது. கொள்ளி நின்றால் வட்டம் இல்லை என்றனர். நெடுநேரப் படம் இவ்வுவமைக்குத் துணையாம் எனக் கொண்டு மகிழ்வாருக்கு அது துணையாகாது. கொள்ளிவட்டம் அவிச்சையாற் கற்பிக்கப்பட்டதாயின், அவிச்சைக்கு இடமான மனமே இல்லாத தகட்டில் அவ்வட்டம் எங்ஙனம் பதிந்தது? வட்டத்தின் ஒவ்வோரிடத்தும் கொள்ளி உண்மையாகச் சென்றது. உண்மையாக ஒளி பட்டது. இல்லாததன் தோற்றமன்று அது, உள்ளதன் சுவடு. பல கணத்தின் சுவட்டை ஒரு கணத்தின் உருவாகக் கொண்டதொன்றே பிழை. ஆகவே கொள்ளிவட்டம் உலகத்தின் இன்மையைக் காட்டுதற்கு உவமையாகாது. கொள்வானது அறிவுக் குறையைக் காட்டுதற்கே உவமையாகும். மாவலி சுற்றிக் கை சிவந்த சிறுவனை வினவினும் இதுவே கூறுவான்.

நிழற்படக் கலையைப் பழிப்பது இவ்வுரையின் நோக்கமன்று. நெடுநேரம் வாய் திறந்து எடுத்த படங்களில் மலையின் சாயலும், விண்மீன்கள் மணிக்குப் பதினைந்து பாகை வீதம் மலையைச் சூழ வில்லாக வளைதலும், தீபத்தின் செவ்வொளி பாறைகளிற் படிதலும் மிக அழகியன. கண் பெறாத அழகு அது. எடுத்தவர் தம் பொறுமையையும் திறனையும் சொல்லி அதனைக் காட்டுவாராயின் யாவரும் மகிழ்வர். திருக்கோயில் வெளியீடுகளும் சமயப் பத்திரிகைகளும் அத்தகைய படங்களை வெளியிடுமிடத்து, காமிராவின் வாய் எத்துணை விநாடி திறந்திருந்தது, முக்காலி இருந்ததோ, படம் கத்தரிக்கப்பட்டதோ என்னும் மூன்றையும் கீழே அச்சிடுதல் வேண்டும். அச்சிடுதற்கு ஒரு வரி போதும்.

வரும் திருக்கார்த்திகையிலும் யாரேனும் ஒருவர் கைப்பேசியை நீட்டி, ஈதோ திருமுகம் என்பார். அவரை முனியாது, கத்தரிக்காத முழுப் படத்தையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த பத்துப் படங்களையும், அடிவாரத்து விளக்குகள் அப்படத்தில் எவ்வாறு பதிந்தன என்பதையும் காட்டுமாறு சைவ நன்மக்கள் கேட்பாராக. காட்டுவாரேல் இருந்து ஆராயலாம். காட்டாது மழுப்புவாரேல், அப்படத்தைத் தாழம்பூவோடு சேர்த்து வைத்துவிட்டு, தலை நிமிர்ந்து மலையுச்சியை நோக்கலாம். தீபம் பதினொரு நாள் ஆண்டேதான் எரிந்துகொண்டிருக்கும்.